மூன்றாம் மாடி வாழை
அத்தியாயம் 14

ஞாயிற்றுக்கிழமை காலையில், இன்னும் பல்கூடத் துலக்காத நேரத்தில், மதுமதியின் கைப்பேசிக்கு ஒரு கூரை வந்து சேர்ந்தது.

கூரை என்றால் கூரையின் புகைப்படம். அனுப்பியவர் கீழ்வீட்டு ஜகந்நாதன். இரண்டு மாதமாக மதுமதி தன் மகன் முகத்தைப் பார்த்ததைவிட அந்தக் கூரையைப் பார்த்ததுதான் அதிகம். முதல் படத்தில் ஈரம் அப்பளம் அளவுக்கு இருந்தது. அப்புறம் தோசையானது. இன்று வந்த படத்தில் பாய் விரித்து ஒரு ஆள் படுத்துக்கொள்ளலாம்.

படத்துக்குக் கீழே செய்தியும் இருந்தது. "குட் மார்னிங் மேடம். ஸ்டில் வெட். கெஸ்ட்ஸ் கமிங் அட் 4 பி.எம். கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்."

முப்பது வருஷம் மத்திய சர்க்கார் கோப்புகளில் குறிப்பெழுதிய கை. கோபத்தைக்கூடக் குறிப்பாகத்தான் எழுதும்.

போன வாரம் அதே கூரையிலிருந்து ஒரு கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து ஜகந்நாதனின் சோபாவில் விழுந்தது. அதே வாரம்தான், மெட்ரோவில் நின்றபடி, மகன் கதிரவன் அம்மாவின் தலையில் வேறொன்றைப் போட்டான். அவனுக்கும் ஜகந்நாதனின் மகள் ப்ரீதாவுக்கும் மூன்று வருஷமாகப் பழக்கமாம். கல்யாணம் என்று ஒன்று நடந்தால் அவளோடுதானாம். "நீதாம்மா போய்ப் பேசணும்." அதைக் கேட்ட பிறகு மதுமதி இறங்க வேண்டிய நிலையத்துக்கு இரண்டு நிலையம் தள்ளிப் போய் இறங்கினாள்.

விஷயம் அவள் கணவர் கௌதமனுக்குத் தெரியாது. தெரிந்தால் அன்றைக்கே டில்லி லோதி ரோடு முழுக்கத் தெரிந்துவிடும். விமானப்படையில் இருந்தபோது ரகசியங்களை எப்படிக் காப்பாற்றினாரோ, அது தேசத்தின் அதிர்ஷ்டம்.

இன்று நாலு மணிக்கு வரப்போகும் கெஸ்ட்ஸ் யார் என்பதும் மதுமதிக்குத் தெரியும். குர்கானிலிருந்து ப்ரசன்னா என்ற பையனும் அவன் பெற்றோரும். ப்ரீதாவைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

மதுமதி பால்கனிக்குப் போனாள். கௌதமன் பழைய பனியனை நனைத்து வாழை இலையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, நேத்து எவ்வளவு தண்ணி ஊத்துனீங்க?"

"ஒரு மக்."

"முந்தாநேத்து?"

"ஒரு மக். நீ கண்டிஷன் போட்ட நாள்லேர்ந்து ஒரு மக்தான் மது. ஏர்ஃபோர்ஸ்காரன் வாக்கு."

"அப்புறம் கீழ எப்படி ஈரம் நிக்குது?"

"பாத்ரூம் பைப்புன்னு எத்தனை தடவை சொல்றது? அது சர்க்கார் போட்ட பைப்பு. நம்ம வயசு அதுக்கு."

பால்கனித் தோட்டத்தை மதுமதி வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லப்போனால் பாதித் தோட்டம் அவளுடைய கைவேலை. கறிவேப்பிலை, புதினா, மணத்தக்காளி, துளசி எல்லாம் இரும்பு ஸ்டாண்டின் மேல், தரையைத் தொடாமல் நின்றன. ஒவ்வொரு தொட்டிக்கும் கீழே ஒரு தட்டு. தட்டில் தண்ணீர் தேங்கினால் உடனே எடுத்துக் கொட்டிவிட வேண்டும். பால்கனியின் தண்ணீர் போகும் வாயில் மண் அடைக்காமல் கம்பி வலை. இதெல்லாம் அவள் போட்ட சட்டம். அந்தத் தொட்டிகளிலிருந்து இன்றுவரை ஒரு சொட்டு கீழே இறங்கியதில்லை.

வாழை மட்டும் சட்டத்துக்கு அப்பாற்பட்டது. போன வருஷம் மதுமதி அலுவலகப் பயிற்சிக்காக ஹைதராபாத் போன வாரத்தில், லால்குடியிலிருந்து ரயிலில் நியூஸ்பேப்பர் சுற்றி ஒரு பூவன் கன்று வந்து இறங்கியது. வாழைக்குச் சட்டி போதாதாம். கௌதமன் செங்கல் வாங்கி, சிமெண்ட் குழைத்து, பால்கனித் தரையின் மேலேயே இடுப்பளவுக்குத் தொட்டி கட்டிவிட்டார். அடியில் ஓட்டையும் கிடையாது, உள்ளே பிளாஸ்டிக் விரிப்பும் கிடையாது. மதுமதியின் உத்தியோகத்துக்குச் சர்க்கார் கொடுத்த குவார்ட்டர்ஸ் இது என்பதும் அவருக்கு நினைவில்லை. ஊருக்குத் திரும்பி வந்தவள் பெட்டியைக் கீழே வைக்காமலே அரைமணி நேரம் கத்தினாள். ஜனவரிக் குளிரில் அந்த வாழைக்கு அவர் தன்னுடைய விமானப்படைக் கம்பளியைப் போர்த்தியபோது, கத்துவதற்கும் தெம்பு இல்லாமல் போயிற்று.

"இன்னிக்கு எல்லாம் தீர்ந்துடும், நீ கவலைப்படாத" என்றார் கௌதமன். "நேத்து சாயங்காலம் ஒரு காரியம் பண்ணியிருக்கேன்."

அவர் 'காரியம்' என்றாலே மதுமதி உஷாராகிவிடுவாள். "என்ன பண்ணீங்க?"

"துணிக்குப் போடற சொட்டு நீலம் இருக்குல்ல? ஒரு பாட்டில் முழுசாத் தொட்டில ஊத்திட்டேன். தண்ணி நம்ம தொட்டிலேர்ந்து இறங்கினா கீழ நீலமாத்தானே வரணும்? வராது. அப்போ தப்பு பைப்புதுன்னு ஜகந்நாதன் ஒத்துக்கிட்டே ஆகணும். ப்ரூஃப் மது, ப்ரூஃப்!"

"இன்னிக்கா? இன்னிக்கு அவங்க வீட்டுல பொண்ணு பார்க்க வர்றாங்க!"

"நல்லதாப் போச்சு. நாலு பேர் சாட்சி."

மதுமதி தலையில் அடித்துக்கொண்டாள். வேறு என்ன செய்வது?

கை கீழே வந்தபோதுதான் கண்ணில் பட்டது. வெளியே நாற்பத்து நாலு டிகிரி. தெருவில் வேப்பமரமே இலை சுருண்டு நிற்கிறது. இந்த வாழை மட்டும் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தது போலப் பளபளக்கிறது. ஒரு மக் தண்ணீரிலா?

அதைக் கேட்க வாயெடுப்பதற்குள் கைப்பேசி அடித்தது. ஜகந்நாதன் மனைவி சியாமளா. "மதுமதி, ஜல்தி கீழ வந்துட்டுப் போங்கோளேன்."

* * *

சியாமளாவின் வீட்டில் பால்கனி என்று ஒன்று இருந்தது. இப்போது இல்லை. அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் போட்டு அடைத்து, ஹாலோடு சேர்த்து, ஏசியும் மாட்டி, ஜகந்நாதன் அதை 'சிட்டிங் ஏரியா' ஆக்கியிருந்தார். சர்க்கார் குவார்ட்டர்ஸில் அதற்கும் அனுமதி கிடையாது. அதனால்தான் இந்தச் சண்டை இரண்டு மாதமாகப் படிக்கட்டைத் தாண்டி எங்கும் போகவில்லை. பராமரிப்பு அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து நிமிர்ந்து பார்த்தால் மேலே செங்கல் தொட்டி தெரியும், குனிந்து பார்த்தால் கீழே கண்ணாடி அறை தெரியும். இரண்டு பேருக்கும் நோட்டீஸ் வரும்.

"பாருங்கோ, நீங்களே பாருங்கோ!" சியாமளா கூரையைக் காட்டினாள். "நேத்திக்குத்தான் காரைக்கு மேல வெள்ளை அடிச்சோம். அதுக்குள்ள மறுபடி ஈரம். சரியா இதுக்கு அடியிலதான் அவா உக்காரணும். வேற எங்க உக்காத்தி வைக்கறது?"

"சோபாவை உள்ள இழுத்துப் போட்டுட்டா?"

"உள்ள ஏசி இல்லையே. இந்த வெயில்ல வரவாளை வேர்க்க விட்டா உருப்படுமா?" சியாமளா மூச்சு விட்டாள். அதே மூச்சில் குரல் தழைந்தது. "அப்புறம் மதுமதி, ஒரு ஆறு இலை வேணும். சொஜ்ஜி பஜ்ஜியை நறுக்கு இலைல வெச்சுக் குடுக்கலாம்னு. குர்கான்ல அவா இலையையே பாத்திருக்க மாட்டா. நல்ல பிஞ்சு இலையாப் பாத்து."

மதுமதி அவளையே பார்த்தாள். அந்த மரத்தை வெட்டி எறிய வேண்டும் என்று இரண்டு மாதமாகச் சொல்கிற வாய்தான் இது. அமாவாசைக்கு இலை, பண்டிகைக்கு இலை, போன மாசம் மாமனார் திவசத்துக்கு எட்டு இலை. எல்லாம் இந்த வாழை கொடுத்ததுதான்.

"எடுத்துக்கங்க மாமி" என்றாள். வேறு சொல்ல அவளுக்கு வழி இல்லை. இந்த வீட்டில் அவள் யாரிடமும் முகம் சுளிக்க முடியாது, இன்னும் கொஞ்ச நாளைக்கு.

ஜகந்நாதன் உள்ளேயிருந்து வந்தார். மதுமதியைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டார். அவளிடம் மட்டும் அப்படித்தான்.

"மேடம், உங்காத்துக்காரரோட நான் பேசறதில்லைன்னு வெச்சுட்டேன். உங்களோட பேசறேன்னா, உங்களுக்கு ஒரு பொறுப்பு உண்டுன்னு எனக்குத் தெரியும். நீங்க ஒண்ணு சொன்னா அது அப்படியே இருக்கும். இன்னிக்கு சாயங்காலம் ஒரு சொட்டு விழக்கூடாது. அவ்வளவுதான் கேக்கறேன்."

"விழாது சார்" என்றாள் மதுமதி.

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். மேலே ஒரு பாட்டில் நீலம் இறங்கிக்கொண்டிருக்கிறது.

சமையலறை வாசலில் ப்ரீதா நின்றிருந்தாள். முகத்தில் தூக்கம் இல்லை. மதுமதியைப் பார்த்தாள், ஏதோ கேட்கப் போவது போல உதட்டைத் திறந்தாள், அப்பா திரும்பியதும் உள்ளே போய்விட்டாள்.

படியேறும்போது கதிரவன் போனில் கூப்பிட்டான். நொய்டாவில் அவனுக்கு இன்று ஞாயிறு ஷிஃப்ட். ராத்திரிதான் வருவான்.

"அம்மா, பேசினியா?"

"எதைப் பேசுவேன்? உங்கப்பா கட்டின தொட்டியைப் பத்திப் பேசவே இந்த ஜென்மம் பத்தாது. நீயே வந்து கேளேன்டா."

"நான் கேட்டா அங்கிள் கதவைச் சாத்திடுவார்மா. அவர் மதிக்கிறது உன்னை ஒருத்தியைத்தான். ப்ளீஸ்மா. அந்த குர்கான் பார்ட்டி ஓகே சொல்லிட்டா எல்லாம் கதம்."

"உன் காரியம் நடக்கணும்னா அவர் வீட்டுல தண்ணி சொட்டக் கூடாது. தண்ணி சொட்டலேன்னா அவங்களுக்கு இன்னிக்கே நிச்சயமாயிடும். எனக்கு எந்தப் பக்கம் வேண்டிக்கறதுன்னே தெரியலடா!"

வைத்துவிட்டாள். ஆனால் அவன் சொன்னது உண்மை. அவளிடம் இருப்பது அந்த ஒரு மரியாதைதான். ஜாதி வேறு, ஊர் வேறு, சாப்பாடு வேறு. ஒருநாள் அந்தச் சோபாவில் உட்கார்ந்து "உங்கள் பெண்ணை எங்கள் பையனுக்குக் கொடுங்கள்" என்று கேட்க அவளுக்கு வேறு எந்த பலமும் கிடையாது. அதில் ஒரு கீறல் விழாமல் காப்பாற்ற வேண்டும்.

* * *

வீட்டுக்குள் நுழைந்தவள் நேராகத் தொட்டிக்குப் போனாள். மண்ணில் விரலை விட்டாள். விரல் சதக்கென்று முழுசாக உள்ளே போய், நீலமாக வெளியே வந்தது.

"இது ஒரு மக்கா?"

"ஒரு மக்தான்!" கௌதமன் உண்மையாகவே குழம்பினார்.

மதுமதி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டிக்குப் பின்னால் குனிந்தாள். செங்கலுக்கும் சுவருக்கும் நடுவில், பென்சில் தடிமனில் ஒரு வெள்ளைக் குழாய். அதைப் பிடித்துக்கொண்டே போனாள். துளசிக்குப் பின்னால் ஓடி, ஜன்னலின் மூலையில் நுழைந்து, சமையலறைக்குள் வந்து, சுவரில் மாட்டிய தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்தின் அடியில் முடிந்தது. ஆர்.ஓ.விலிருந்து கழிவுத் தண்ணீர் போகும் குழாய். ஸிங்கில் போய் விழ வேண்டியது, மாதக்கணக்காகப் பகலும் இரவும் வாழைக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

"என்னங்க இது?"

"அட, ஆர்.ஓ. ட்யூப்."

"இதைத் தண்ணின்னு கணக்குலயே சேர்க்கலியா?"

"நான் ஊத்தலியே, அது தானா வருது" என்றார் கௌதமன். கேலி இல்லை. அவர் ஊரில் கொல்லையில் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் தானாக ஓடி வாழைக்கடியில் போய் நிற்கும். அதை யாரும் 'தண்ணீர் ஊற்றுவது' என்று சொல்வதில்லை. லால்குடியில் அடியில் இருந்தது பூமி. இங்கே அடியில் இருப்பது ஜகந்நாதன்.

"யாரைக் கேட்டு இதை இழுத்து விட்டீங்க?"

"உன்னைக் கேட்டுத்தான். போன வருஷம் நீதானே சொன்ன? ஒரு குடம் நல்ல தண்ணிக்கு ரெண்டு குடம் ஸிங்க்ல வீணாப் போகுது, டில்லியில தண்ணி லாரிக்கு ஜனங்க வரிசையில நிக்கறாங்க, ஒரு மனுஷன் சும்மா வீட்டுல உக்காந்திருக்கீங்களே, இதுக்கு ஒரு வழி பண்ணக் கூடாதான்னு. பண்ணேன்."

சொன்னது அவள்தான். அந்தத் தொனியில், அந்த வார்த்தைகளில், அந்தச் சமையலறையில் நின்றுதான் சொன்னாள். இந்த மனிதரிடம் நூறு சொன்னால் தொண்ணூற்றொன்பதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். போட்டுக்கொண்ட ஒன்று இது.

ஆத்திரம் முழுக்கக் குழாயின் மேல் திரும்பியது. பிடுங்கி ஸிங்கில் விட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து தொட்டியில் குழி பறித்து, ஊறி நின்ற நீலத் தண்ணீரை மக்கால் மொண்டு பாத்ரூமில் கொட்டினார்கள். கை, கால், பனியன், புடவை எல்லாம் நீலம். பழைய துண்டுகளைப் போட்டு மண்ணை அமுக்கி ஈரத்தை உறிஞ்சினார்கள். தண்ணீர் ஊறுவது நின்றபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது.

"இந்த வாழையை எடுத்துடுங்க. தொட்டியை இடிச்சுத் தரையைப் பூசினாத்தான் இது நிக்கும்."

கௌதமன் மேலே காட்டினார். உச்சியில், மற்ற இலைகளைப் போல் இல்லாமல், கையகலத்துக்கு ஒரு குட்டி இலை நிமிர்ந்து நின்றது.

"இந்தச் சின்ன இலை வந்தா அடுத்து பூதான். டில்லியில, மூணாவது மாடியில, ஒரு பூவன் பூ தள்ளப் போகுது மது. அதை மட்டும் பார்த்துடறேன். அப்புறம் நீ சொல்றபடி."

ஐம்பத்தைந்து வயதாகிறது. முகத்தைப் பார்த்தால் பள்ளிக்கூடத்தில் பரிசுக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி. மதுமதிக்கு எரிச்சலும் வந்தது, அதற்குமேல் திட்ட மனசும் வரவில்லை. "போய்ப் படுங்க" என்றாள்.

அவர் அறைக்குள் போய் இரண்டு நிமிடத்தில் குறட்டை விட்டார். மதுமதி கையில் இருந்த நீலத்தை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் மணி அடித்தது. ப்ரீதா.

பட்டுப் புடவை கட்டியிருந்தாள். தலையில் பூ. அழகாகத்தான் இருந்தாள், அழுது முகம் கழுவிய அழகு.

"ஆன்ட்டி, இலை வாங்கிட்டு வரச் சொன்னா அம்மா."

"இரும்மா, புடவை மாத்திட்டு வந்து அறுத்துத் தரேன். மாமி என்னையும் வரச் சொல்லியிருக்காங்க."

"பரவால்ல ஆன்ட்டி, நானே கட் பண்ணிக்கறேன். நீங்க ரெடியாகுங்கோ." கத்தியை எடுத்துக்கொண்டு இரண்டடி போனவள் நின்றாள். "அங்கிள் நிஜமா ப்ளூ கலர் போட்டிருக்காரா?"

"யார் சொன்னா?"

"கதிர் சொன்னான். அங்கிள் காலைல அவனுக்கு போட்டோ அனுப்பினாராம்."

"இருக்கற கஷ்டத்துல இது ஒண்ணு. எல்லாத்தையும் மொண்டு கொட்டியாச்சு. நீ கவலைப்படாத, உங்க வீட்டுல ஒண்ணும் சொட்டாது."

"அச்சா" என்றாள் ப்ரீதா. அதில் சந்தோஷம் இருந்ததாக மதுமதிக்குத் தோன்றவில்லை.

* * *

குர்கான்காரர்கள் நல்ல மனிதர்களாகத்தான் தெரிந்தார்கள். அதுவே மதுமதிக்குக் கஷ்டமாக இருந்தது. ப்ரசன்னா சிரித்த முகம். நிதி கம்பெனியில் வேலை. அவன் அப்பா வெள்ளை வெளேரென்று சட்டை போட்டுக்கொண்டு, சரியாக அந்த இடத்தில் உட்கார்ந்தார்.

மதுமதி எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கூரையைப் பார்த்தாள். மங்கலாகப் பழைய ஈரம்தான். பெருமாளே, அப்படியே இருக்கட்டும்.

"என்ன இலை! டில்லியில இப்படி ஒரு இலையா?" என்றாள் பையனின் அம்மா, சொஜ்ஜியை எடுத்தபடி.

"மாடி ஆத்துலேர்ந்து. எங்களுக்கு ரொம்ப வேண்டியவா" என்றாள் சியாமளா, கொஞ்சமும் கூச்சமில்லாமல். ஜகந்நாதன்கூட மதுமதியைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். நாளைக்கோ மறுநாளோ இந்த மனிதரிடம் பேசிவிடலாம் என்று அந்த நிமிடத்தில் அவளுக்குத் தைரியம் வந்தது.

ப்ரீதா காப்பி கொண்டுவந்தாள். ப்ரசன்னாவின் அப்பா ஆபீஸ் எங்கே, கார் பூல் உண்டா என்று கேட்டார். அவள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மதுமதி மறுபடி நிமிர்ந்தாள். புது வெள்ளையில், நடுவில், ஒரு நீலப் பொட்டு.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். பொட்டு ரூபாய் அளவுக்குப் பெருத்தது. அதன் நுனியில் ஒரு சொட்டு திரண்டு, தொங்கி, நிதானமாக யோசித்து, பையனின் அப்பா கையில் இருந்த இலையில் சொஜ்ஜியின் மேல் விழுந்தது.

"என்னது, இங்க்கா?" என்றார் அவர். இரண்டாவது சொட்டு சட்டைத் தோளில். மூன்றாவதும் நான்காவதும் எண்ணிக்கொண்டு வரவில்லை. நூல் பிடித்தது போல இறங்கியது.

எல்லோரும் எழுந்து அண்ணாந்து பார்த்தார்கள். பையன் பார்த்தான், அவன் அம்மா பார்த்தாள், சியாமளா வாயில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். ப்ரீதா மட்டும் பார்க்கவில்லை. காப்பித் தட்டைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மதுமதி அதைப் பார்த்துவிட்டாள்.

"பேசிண்டிருக்கும்போதே தலைல வந்து விழறதே" என்றாள் பையனின் அம்மா, புடவையை இழுத்துப் பிடித்தபடி. "எனக்கு என்னவோ மனசுக்குச் சரியாப் படலை. நாங்க கிளம்பறோம் மாமி. போன் பண்றோம்."

போன் பண்றோம் என்றால் பண்ண மாட்டோம் என்று சியாமளாவுக்குத் தெரியாதா? அவள் அழ ஆரம்பித்தாள். ஜகந்நாதனின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. மதுமதி அதற்குள் படியேறிவிட்டாள்.

பால்கனியில் செடிகளுக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய், வாழைத் தொட்டிக்குள் கிடந்தது. குழாய் திறந்திருந்தது. வேகமாக அல்ல, சத்தம் வராத அளவுக்கு. தொட்டி விளிம்புவரை நிரம்பி நீலமாகத் ததும்பியது. வாழையில் ஆறு இலை அறுத்த காயத்திலிருந்து பால் இன்னும் வடிந்துகொண்டிருந்தது.

அட பைத்தியக்காரப் பெண்ணே! ஒரு கதவைச் சாத்தினாய், சரி. அதே கையால் எங்கள் கதவையும் அல்லவா ஆணி அடித்து விட்டாய்!

மதுமதி ஓடிப்போய்க் குழாயை மூடினாள். சத்தம் கேட்டு கௌதமன் கண்ணைத் தேய்த்துக்கொண்டு வந்து நின்றார். பின்னாலேயே ஜகந்நாதன். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவர் இந்த வீட்டு வாசலைத் தாண்டினார். அவருக்குப் பின்னால், படியில் பாதியில், ப்ரீதா.

ஜகந்நாதன் தொட்டியைப் பார்த்தார். ரப்பர் குழாயைப் பார்த்தார். கௌதமன் பக்கம் திரும்பி விரலை நீட்டினார். "வேணும்னே பண்ணேளா? என் பொண்ணு வாழ்க்கைல விளையாட உங்களுக்கு என்ன அதிகாரம்? யார் திறந்தா இதை?"

கௌதமன் குழாயையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் செய்யாத ஒன்றுக்காகத் திட்டு வாங்குவது அவருக்கே புதுசு.

ப்ரீதா ஒரு படி ஏறினாள். சொல்லிவிடப் போகிறாள் என்று அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. இப்போது, இந்தக் கோபத்தில், இந்த அப்பாவிடம் சொன்னால் அவள் கதை மட்டுமல்ல, கதிரவன் கதையும் அதோடு முடிந்தது.

"நான்தான் சார்" என்றாள் மதுமதி.

"மேடம்?"

"புதினாவுக்குத் தண்ணி விட்டுட்டுக் குழாயை இதுல போட்டேன். மூட மறந்துட்டுக் கீழ வந்துட்டேன். தப்பு என்னுது."

ஜகந்நாதன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார். "உங்களை நம்பினேனே" என்றார். அவ்வளவுதான். தோளில் ஒரு ஆள் ஏறி உட்கார்ந்தது போல நின்றார்.

ஒரு வாரமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஒரே பலம் ஒரு வாக்கியத்தில் போய்விட்டது. மதுமதிக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"நாளைக்குக் காலம்பற இது இங்க இருக்கப்படாது" என்றார் ஜகந்நாதன்.

கௌதமன் வாதாடப் போகிறார், பைப்பு, ப்ரூஃப், பூ என்று ஆரம்பிக்கப் போகிறார் என்று மதுமதி எதிர்பார்த்தாள். அவர் மனைவியின் முகத்தை ஒரு தடவை பார்த்தார்.

"நாளைக்கு எதுக்கு சார்? இப்பவே எடுத்துடறேன்."

உள்ளே போய்க் கடப்பாரையோடு வந்தார். முதல் அடியில் செங்கல் விண்டது. ஜகந்நாதன் இரண்டு அடிவரை நின்று பார்த்துவிட்டு, மகளின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு இறங்கிப் போனார். ப்ரீதா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

கீழே கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் கௌதமன் கடப்பாரையைச் சாய்த்து வைத்தார். சரிந்த வாழையை ஒரு கையால் தாங்கிக்கொண்டார். அந்தக் குட்டி இலை அவர் காதை உரசியது.

"மது, நான் படுக்கப் போறப்ப இந்தக் குழாய் மூடியிருந்துச்சு. புதினாவுக்கு நீ சாயங்காலம் தண்ணி விடறதே இல்ல, வேர் அழுகும்னு என்னைத் திட்டுவே. கதிர் வீட்டுலயே இல்ல. இப்ப படியில நின்ன அந்தப் பொண்ணு முகத்தையும் பார்த்தேன்." அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை. "நீ பொய் சொல்லி நான் பார்த்ததில்ல. ஜகந்நாதன் பொண்ணு எதுக்கு மது நம்ம குழாயைத் திறந்து விடணும்?"

மதுமதி வாழையின் இன்னொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"முதல்ல இதை எங்கயாவது சாயாம நிறுத்துவோம்" என்றாள். "அப்புறம் நீங்க உக்காருங்க. உக்காந்துதான் இதைக் கேக்கணும்."